மூடி மாறிய மாவு

எங்கள் வீட்டில் பீர் காய்ச்சுவது நான். இட்லிக்கு மாவு அரைப்பது என் வீட்டுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம், கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை.

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், எங்கள் வீட்டு கராஜில் கார் நின்று பல காலம் ஆகிறது. ஒரு பக்கம் என் பெரிய ஸ்டீல் பாத்திரம், ரப்பர் குழாய்கள், மூடி போட்ட வெள்ளை பக்கெட்டுகள். எதிர்ப்பக்கம் இவருடைய வெட் கிரைண்டர். சமையலறையில் அதை ஓடவிட்டால் ஜூம் மீட்டிங்கில் இருக்கும் நானும் ஹோம்வொர்க்கில் இருக்கும் மகளும் சேர்ந்து சண்டைக்குப் போனதால், அது நாடு கடத்தப்பட்டுக் கராஜுக்கு வந்தது. நடுவில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். இருவருக்கும் பொது. வம்பு பிறந்தது அந்த ஃப்ரிட்ஜில்தான்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஆபீஸ் நண்பர்களால். மருந்து கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு, விளையாட்டாக, வீட்டில் பீர் காய்ச்சும் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவரை நான் பீர் குடித்தது எண்ணி நான்கு முறை. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே தெர்மாமீட்டர், அளவுக் குழல், அமிலம் பார்க்கும் தாள். ஆபீஸில் எட்டு மணி நேரம் செய்வதையே வீட்டில் யாருக்கும் ரிப்போர்ட் எழுதாமல் செய்யலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தேன். மூன்றாம் நாள் பக்கெட்டின் மூக்குக் குழாயில் 'பளக் பளக்' என்று குமிழி வந்தது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முதல் பீர் ஈரச் சாக்ஸ் வாசனை அடித்தது. அதனால் என்ன, சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

இவர் குடிப்பதில்லை. கொள்கை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் கிடையாது, வாசனை பிடிக்காது, அவ்வளவுதான். இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர். பார்ட்டிகளில் கையில் மோரோ சோடாவோ இருக்கும். ஆனால் பார்க்க ஆள் வாட்டசாட்டமாக, கறுகறுவென்று மீசையோடு இருப்பார். அந்த மீசைதான் எனக்கு எதிரி.

ஐந்து குடும்பங்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. அதில் மாதம் ஒருமுறை 'பீர் நிலவரம்' என்று நான் எழுதுவேன். என்ன தானியம், எத்தனை நாள், எங்கே சொதப்பினேன், எல்லாம் போட்டோவோடு. பதில்கள் இப்படி வரும்: "Sir-க்கு congrats சொல்லிடுங்க." "வீட்ல இப்படி ஒரு talent-ஆ, குடுத்து வெச்சவங்க நீங்க." போட்டோவில் பக்கெட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் கையுறையோடு நிற்பது நான். அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவர் எங்கள் தெருக்கோடி அங்கிள். ரிடையர் ஆனவர், கோயில் அன்னதானக் கமிட்டியில் இவரோடு சேர்ந்து சாம்பார் கிளறுபவர். தீபாவளிக்கு வந்தால், "டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் allow பண்ணியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, வீட்டிலேயே பெரிய கிளாஸ் எது என்று தேடி எடுப்பார். குடித்துவிட்டு இவர் தோளில் தட்டுவார்.

"தம்பி, அசத்திட்டீங்க. கடையில வாங்கினா கூட இப்படிக் கிடைக்காது."

"ஐயோ அங்கிள், நான் ஒண்ணும் பண்ணல. எல்லாம் அவதான்."

"பாத்தீங்களா அடக்கத்தை?" என்பார் அங்கிள், என்னைப் பார்த்து. "இந்தக் காலத்துல யாரும்மா இப்படி wife-க்கு credit குடுக்கறாங்க?"

இவர் மறுக்க மறுக்க அவருடைய புகழ் கூடிக்கொண்டே போனது. நான் பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பேன். உள்ளுக்குள் கொதிக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் ஒரு சின்ன பீர் கடை இருக்கிறது. முன்பு டயர் மாற்றும் இடமாக இருந்ததாம். இப்போது அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். முதலாளி முன்னாள் கெமிஸ்ட்ரி வாத்தியார், தாடிக்காரர். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் காய்ச்சுபவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மேஜை கொடுப்பார். ஊர் வந்து ருசி பார்க்கும். முடிவில் முதலாளி தனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைக் கடையின் பெரிய தொட்டியில் காய்ச்சி ஒரு மாதம் விற்பார்கள். குழாய்களுக்கு மேலே இருக்கும் கரும்பலகையில் பீரின் பெயரையும் அதைக் காய்ச்சியவர் பெயரையும் சாக்பீஸால் எழுதுவார்கள்.

எனக்கு வேண்டியது அந்தப் பலகை. பரிசு வேண்டாம், கோப்பை வேண்டாம். பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் அத்தனை அங்கிள்களும் அண்ணாந்து பார்த்துப் படிக்கிற உயரத்தில் என் பெயர் வேண்டும். நான்கு வருஷம் போனேன். ஒவ்வொரு முறையும் முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு "நைஸ்" என்பார். இந்த ஊரில் நைஸ் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருபது வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் நன்றாக இல்லை என்றே சொல்லித் தொலைக்கலாம்.

ஐந்தாவது வருஷம் ஒரு கோதுமை பீருக்குத் திட்டம் போட்டேன். கசப்பு மிகக் கொஞ்சம், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய கொத்தமல்லி விதையை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தது, ஆரஞ்சுத் தோல். ஈஸ்ட்டுக்குச் செலவில்லை. போன பீரின் அடியில் படிந்த ஈஸ்ட்டை வழித்து, கராஜ் ஃப்ரிட்ஜில் ஒரு தயிர் டப்பாவில் வைத்திருந்தேன்.

இங்கே தயிர் டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மவர் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவுக்குள் தயிர் இருந்தால் அது தற்செயல். எங்கள் ஃப்ரிட்ஜில் அப்போது ஐந்து தயிர் டப்பாக்கள். ஒன்றில் தேங்காய்த் துருவல், ஒன்றில் புளிக்காய்ச்சல், இரண்டில் இவருடைய மாவு, ஒன்றில் என் ஈஸ்ட். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். நான் விவரமானவள் அல்லவா, என் டப்பாவின் மூடியில் நீல டேப் ஒட்டி 'ஈஸ்ட், தொடாதே' என்று எழுதியிருந்தேன்.

மூடியில். ஆபீஸில் யாராவது பாட்டிலை விட்டுவிட்டு மூடியில் லேபிள் ஒட்டினால் நான் அவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன். மூடி மாறும், பாத்திரம் மாறாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான்.

அந்த சனிக்கிழமை காலை இவர் மாவு புளித்துவிட்டதா என்று பார்க்க, அவசரத்தில் என் டப்பாவையும் சேர்த்து இரண்டு டப்பாக்களைத் திறந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அங்கிள் போன் செய்திருக்கிறார், அன்னதானத்துக்குக் கத்திரிக்காய் எத்தனை பெட்டி என்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கத்திரிக்காய்க் கணக்குச் சொல்லிக்கொண்டே மூடிகளைப் போட்டிருக்கிறார்.

மத்தியானம் நான் டிரைவ்வேயில் அடுப்பு வைத்துக் காய்ச்சி முடித்தேன். அது மே மாதம். கார், செடி, தபால் பெட்டி எல்லாவற்றின் மேலும் மஞ்சளாக மகரந்தம் படிந்திருந்தது. எனக்கு இரண்டு மூக்கும் அடைப்பு, கண்ணில் தண்ணீர். நீல டேப் மூடியைத் திறந்தேன். படிந்த ஈஸ்ட் பார்ப்பதற்கு மாவு மாதிரியேதான் இருக்கும். வெளுப்பாக, கொழகொழவென்று. வழக்கத்தைவிட நிறைய இருப்பதுபோல் பட்டது. இருக்கட்டும், நிறைய இருந்தால் நல்லதுதானே என்று முழு டப்பாவையும் கவிழ்த்தேன்.

மறுநாள் காலை சமையலறையில் இவர் தோசைக்கல் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாச்சுங்க?"

"தெரியல. மாவு தண்ணியா இருந்துச்சு, கொஞ்சம் அரிசி மாவு கலந்தேன். இருந்தாலும் வரவே மாட்டேங்குது. வெந்தயம் ஜாஸ்தியாயிடுச்சோ? கசக்குது."

மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். "அப்பா, நோ அஃபென்ஸ், பட் இட்ஸ் டிஸ்கஸ்டிங்" என்றாள்.

இவர் மாவைக் குறை சொல்லி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பாவமாக இருந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். மூக்குத்தான் அடைத்திருந்ததே தவிர நாக்கு வேலை செய்தது. வெந்தயக் கசப்பு வேறு. இது நாக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிற கசப்பு. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஹாப்ஸ் கசப்பு.

"ஏங்க, இது எந்த டப்பா?"

அவர் காட்டினார். நான் செருப்புக்கூடப் போடாமல் கராஜுக்கு ஓடினேன். பின்னாலேயே அவரும் கரண்டியோடு வந்தார். பக்கெட்டின் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளை வெளேரென்று நுரை. நன்றாகப் பொங்கிய இட்லி மாவு எப்படி இருக்குமோ அப்படி. ஒரு நிமிஷம் இருவரும் குனிந்து அதையே பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அடுத்த இரண்டு வார இறுதிகளும் ஆபீஸில் ஆடிட் வேலை. இன்னொரு முறை காய்ச்ச வழியே இல்லை.

இவர் மெதுவாகக் கேட்டார்: "ஒரு டப்பா மாவு பூரா ஊத்திட்டியா?"

அந்த நேரத்தில் அவருக்கு மாவுதான் கவலை. கரண்டியைப் பிடுங்கி ஒன்று போடலாமா என்று இருந்தது. பிறகு அவரே நுரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஆனா பாரேன், எப்படிப் பொங்கியிருக்கு" என்றார். குரலில் பெருமை. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கராஜ் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கொட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் கெட்டுப்போனதைக்கூட அளந்து பார்க்காமல் கொட்டக் கூடாது என்பது எங்கள் தொழில் புத்தி. திங்கள் சாயங்காலம் அமிலத் தாளை நனைத்துப் பார்த்தேன். நன்றாகப் புளித்திருந்தது, கெடுதலான எதுவும் அதில் வளர முடியாத அளவுக்கு. ஒரு கரண்டி குடித்தேன். எலுமிச்சம்பழச் சர்பத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்ட மாதிரி இருந்தது. இவர் மாவில் போடுகிற கல்லுப்பு. இன்னொரு கரண்டி குடித்தேன். பிறகு அதை மறுபடி கொதிக்கவைத்து, ஆறவைத்து, கடையில் வாங்கிய ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு மூடினேன். அந்த மாதம் பீர் நிலவரம் எழுதவில்லை.

போட்டி நாளும் வந்தது. டயர் கடையின் பெரிய ஷட்டர்களைத் தூக்கிவிட்டிருந்தார்கள். வெயில், காற்று, நாய்க்குட்டிகளோடு வந்த ஜனங்கள். எங்கள் மேஜையில் என் பீர், பக்கத்தில் இவர் கொண்டுவந்த பொடி இட்லி. குட்டிக் குட்டி இட்லிகளாக ஊற்றி, நல்லெண்ணெயும் பொடியும் போட்டுப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி குத்திவைத்திருந்தார். வெறும் வயிற்றில் யாரும் குடிக்கக் கூடாதாம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அங்கிளும் வந்திருந்தார். கையில் டோக்கன் வாங்கும்போதே "தம்பி எங்கே, தம்பி எங்கே" என்றபடி வந்தார்.

மேஜையில் வைக்கிற அட்டையில் செய்தவர் பெயரும் சேர்மானமும் எழுத வேண்டும். கோதுமை, பார்லி, கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், உப்பு என்று எழுதினேன். புளிப்புக்கு என்ன என்ற இடத்தில் 'வீட்டில் வளர்த்தது' என்று மட்டும் எழுதினேன். இட்லி மாவு என்றால் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் பங்கு போட மனசு வரவில்லை. ஆறு வருஷம் என் பீருக்கெல்லாம் பாராட்டு வாங்கியவர் இவர். இந்த ஒன்றாவது முழுசாக என்னுடையதாக இருக்கட்டுமே என்று இருந்தது. இவர் அட்டையைப் படித்தார். பிறகு இட்லிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு முதலாளி எங்கள் மேஜைக்கு வந்தார். ஒரு வாய் குடித்தார். நைஸ் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், இன்னொரு வாய் குடித்தார். நுரை ஏன் இன்னும் அப்படியே நிற்கிறது என்று கேட்டார். ஜெர்மனியில் இதே மாதிரி புளிப்பும் உப்பும் கொத்தமல்லியும் சேர்ந்த பழைய பீர் ஒன்று உண்டு, ஆனால் அதில் இந்த மணம் இருக்காது, இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்றார். கேட்டுக்கொண்டே ஒரு பொடி இட்லியை எடுத்து வாயில் போட்டார்.

சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அங்கிள் நின்றிருந்தார். 'வீட்டில் வளர்த்தது' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் இவரைப் பார்த்தேன். அவர் காலியான தட்டை எடுத்துவிட்டு அடுத்த தட்டை வைத்துக்கொண்டிருந்தார். இதே மாதிரிக் கேள்விக்கு, ஆறு வருஷமாக அவர் ஒரு முறைகூடத் தவறாமல் "எல்லாம் அவதான்" என்று சொன்னவர். யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். அவர் சொல்லாமல் இருந்ததில்லை.

"இப்போ நீங்க சாப்பிடுறீங்களே, அதுதான்" என்றேன் முதலாளியிடம். "என் கணவர் அரைத்த மாவு. தெரியாமல் ஊற்றிவிட்டேன்."

கசப்புத் தோசையிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். முதலாளி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜை நாய் குரைத்தது. அவர் இட்லியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் நான்கைத் தின்றார். இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அங்கிள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் ஆறு வருஷமா என்ன சொல்லிட்டிருக்கேன்? தம்பி கை இல்லாம இது வராதுன்னு சொன்னேனா இல்லையா?"

அந்த ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாள், அந்த மனிதர் சொன்னது சரி. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஆனந்தமாக இருந்தது. "ஆமாம் அங்கிள்" என்று நான் சொன்னதும் அவரே திகைத்துப்போனார்.

ஐந்து மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கையில் சாக்பீஸைக் கொடுத்தார். ஸ்டூலில் ஏறி என் பெயரை எழுதினேன். முதலில் இங்கிலீஷில், அதற்குக் கீழே தமிழில்.  எழுதிவிட்டு இறங்கி, இவரிடம் சாக்பீஸை நீட்டினேன். "உங்க பேரையும் எழுதுங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "ஐயையோ, கோயில் கமிட்டியில என்ன நினைப்பாங்க? உன் பேர் மட்டும் இருக்கட்டும். அதுதானே வேணும்னு இருந்தே."

எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக அது அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. மகரந்தம் என்று பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னேன். திரும்ப ஸ்டூலில் ஏறி, என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இட்லி வரைந்தேன்.

இவர் கீழே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆறு வருஷமாகத் தனக்குச் சேராத புகழையெல்லாம் சங்கடத்தோடு சுமந்த மனிதர் முதல் முறையாக வாயைத் திறந்து தன் பங்கைக் கேட்டார்.

"என் இட்லி இவ்ளோ தட்டையா இருக்காது" என்றார்.

நான் கட்டைவிரலால் அழித்துவிட்டு, உப்பலாக வேறொன்று வரைந்தேன்.